தையலும் விரிய வேண்டும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில்தான் திருக்கழுக்குன்றம். அந்த ஊர் மருத்துவத் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன், 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். இதயம் சென்னை முகப்பேரில் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த இதயத்தை ஏற்றிக்கொண்டு வண்டி பறந்த கதை நமக்குத் தெரியும். 'சென்னையில் ஒரு நாள்' என்று படமாகவே வந்தது. வண்டி நின்ற பிறகு அறுவை மேசையில் நடப்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

கொடுத்தவரின் மகாதமனியை வாங்குபவரின் மகாதமனியோடு முனைக்கு முனை சேர்த்துத் தைக்க வேண்டும். இப்படித் தைக்கும் முறையை 1902இல் எழுதி வெளியிட்டவர் பிரான்சின் அலெக்சி காரெல். 1912இல் நோபல் பெற்றார். ரத்தம் கசியவில்லை என்றால் தையல் நல்ல தையல்தானே? அது பாதிதான்.

தமனி சும்மா கிடக்கும் குழாய் அல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. நூலோ விரியாது. சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டுக் காற்றடித்துப் பாருங்கள்: ஒட்டின் மேல் ரப்பர் இறுகி நிற்கும், அதன் ஓரம் புடைக்கும். தைத்த தமனியிலும் அதுவேதான். தையல் கோட்டில் நெகிழ்வு குறைகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி, இயல்பைவிடக் கூடுகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடுமாறும், சுவர் உள்பக்கமாகத் தடிக்கும், மாதங்கள் போகப்போகப் பாதை குறுகும்.

இதை எப்படி அளப்பது? அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, ரத்தக்குழாயின் விட்டம் துடிப்பின்போது எவ்வளவு, அடுத்த துடிப்புக்கு முன் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கூடவே பி.பி. எடுக்கிறார்கள். அழுத்தம் இவ்வளவு ஏறினால் விட்டம் எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதுதான் கணக்கு. தையலுக்கு முன்னும், தையல் மேலும், தாண்டியும் தனித்தனியாக அளந்தால்தான் ஓரத்துப் புடைப்பு பிடிபடும்.

1980இல் வெளியான அளவீடு ஒன்று, 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குத் தமனி 5.9 சதவீதம் விரிகிறது என்றது. தமனிக்கு மாற்றாகத் தைக்கும் குழாய்களில், காலிலிருந்து எடுத்த சிரை 4.4, டேக்ரான் செயற்கைக் குழாய் 1.9, டெஃப்லான் வகை 1.6. நெகிழ்வில் தமனியை ஒட்டி வரும் குழாயே அதிக காலம் அடைபடாமல் இருந்தது. பைபாஸுக்கு நோயாளியின் சொந்த ரத்தக்குழாயையே மருத்துவர்கள் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தைக்கும் விதமும் முக்கியம்: விட்டுவிட்டுப் போடும் தனித்தனி முடிச்சுகள், தொடர் தையலைவிட விரிய இடம் கொடுக்கும். ஆனால் நேரம் பிடிக்கும். வளரும் குழந்தைக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதே நியாயம் என்பது என் கட்சி.

இத்தகைய இணைப்பு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடுவதுதான் ஃபிஸ்டுலா. 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை. அதுவும் பெரும்பாலும் தையலை ஒட்டித்தான் குறுகுகிறது. ஆகவே அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ஊசி போட்டு ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். தினமும் காலையில் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரியவில்லை என்றால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.