பழைய லொறியில் ஒயில் பிரஷர் முள்ளைப் பார்க்கும் முறை

ஒயில் பிரஷர் கேஜ் எஞ்சினில் எவ்வளவு ஒயில் இருக்கிறது என்று காட்டுவதில்லை. அதைப் பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறது. பம்ப் தள்ளும் ஒயில் பெயாரிங்குகளின் இடுக்குகள் வழியே வெளியேறும்போது எவ்வளவு தடை ஏற்படுகிறது என்பதைத்தான் முள் காட்டுகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் உள்ளே அமுக்கம் கூடும். விரலை எடுத்தால் குறையும். கிராங் பெயாரிங்கின் இடுக்கு, புதிய எஞ்சினில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தேயத் தேய அது அகலமாகும், ஒயில் எளிதாக வழியும், முள் இறங்கும். பொத்துவில் பக்கத்தில் நெல்லும் மணலும் ஏற்றும் பழைய டாடா, லேலண்ட், இசுசு லொறிகளுக்கு இந்த முள்ளைவிட நம்பகமான வைத்தியர் கிடையாது.

சில கேஜ்களில் பிஎஸ்ஐ, சிலவற்றில் பார், வேறு சிலவற்றில் சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ என்று அளவு இருக்கும். ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ, ஒரு கிலோ 14.2 பிஎஸ்ஐ. காலையில் எஞ்சினை எடுத்தவுடன் ஒயில் தடிப்பாக இருப்பதால் முள் 50, 60 பிஎஸ்ஐ வரை ஏறும். அதற்கு மேல் போகாமல் ரிலீஃப் வால்வு திறந்து மிகுதி ஒயிலை எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்குத் திருப்பிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்பது கராஜ்களில் நெடுநாளாக உள்ள கணக்கு. எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். கொம்பனி கைநூலில் உள்ள எண்ணே முடிவானது.

எனவே காலை வாசிப்பைப் பார்த்து மனம் நிறைவதில் பயனில்லை. பொத்துவிலிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு ஏ4 வீதியில் கொழும்புக்குப் போகும் லொறி, லகுகல, சியம்பலாண்டுவ, மொனராகல தாண்டி, வெல்லவாயவிலிருந்து பெரகல வரை மலை ஏறுகிறது. தாழ்ந்த கியரில், முழுப் பாரத்தோடு, தியலும அருவியைக் கடந்து மேலே போகும்போது ஒயில் சூட்டில் நீர்த்துப்போகிறது. உச்சியில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் விட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும். அங்கே வழமையாக 20 காட்டிய லொறி சில மாதங்களில் 12க்கு வந்துவிட்டால், 12 என்ற எண்ணைவிட அந்த இறக்கமே கவலைக்குரியது. ஒவ்வொரு லொறிக்கும் தனக்கென ஒரு வழமை உண்டு. அதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் சாரதி, பெயாரிங் தட்டும் சத்தம் கேட்கும் முன்பே எஞ்சினைக் கழற்ற நாள் பார்த்துவிடுவார்.

முள் இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக். வளைவிலும் பிரேக்கிலும் மட்டும் முள் துடித்தால், ஒயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறது என்று பொருள். ஒயில் மட்டம் கூடியிருந்தால் அதைவிட ஆபத்து. இஞ்செக்டரிலோ டீசல் பம்பிலோ உள்ள கசிவால் டீசல் சம்புக்குள் இறங்கியிருக்கலாம். 'ஒயில் குறையவே இல்லை' என்று சாரதி மகிழும் வேளையில் அந்த ஒயில் தண்ணீராகிக்கொண்டிருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே டீசல் மணம் காட்டிக்கொடுத்துவிடும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் றேடியேற்றர் தண்ணீர் கலந்திருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால், அடைத்த ஸ்ட்ரெய்னர், திறந்தபடி இறுகிய ரிலீஃப் வால்வு, தேய்ந்த பம்ப், தேய்ந்த பெயாரிங் என்ற வரிசையில் தேட வேண்டும்.

கேஜும் பொய் சொல்லும். பழைய லொறிகள் சிலவற்றில் எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் நேராகக் கேஜுக்கு வருகிறது. பிரான்ஸ் நாட்டின் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அதனுள்ளே அமுக்கத்துக்கேற்ப விரிந்து முள்ளைத் தள்ளுகிறது. எளிமையான, உண்மையான கருவி. மற்றவற்றில் எஞ்சினில் பூட்டிய சென்டர் என்ற உணரி மின்சாரத்தால் முள்ளை நகர்த்துகிறது. ஒரு வண்டியின் சென்டரை வேறொரு வண்டியின் கேஜோடு பூட்டினால் வாசிப்பு பிழைக்கும். பழைய உதிரிப்பாகங்களால் ஓடும் லொறிகளில் இது சாதாரணம். ஒற்றை வயர் சென்டரின் மரையில் டேப்பைத் தடிப்பாகச் சுற்றினாலும் ஏர்த் கெட்டுவிடும். எஞ்சின் நின்றபின்னும் முள் பூச்சியத்துக்கு வரவில்லையென்றால் அந்தக் கேஜை நம்பக்கூடாது. சென்டரைக் கழற்றி, அதே துவாரத்தில் நேரடிக் கேஜ் ஒன்றைப் பூட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். எஞ்சினைக் கழற்றும் செலவுக்கு முன் செய்ய வேண்டிய மிக மலிவான சோதனை இதுதான்.

ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் வைத்து முள்ளை ஏற்றுவது சில இடங்களில் நடக்கிறது. சூடான ஐடிலில் அந்த வால்வு மூடியே இருக்கும் என்பதால், தேவையான இடத்தில் அமுக்கம் கூடாது. குளிர்ந்த நேரத்தில் ஃபில்டருக்கும் சீல்களுக்கும்தான் சுமை கூடும். தடித்த ஒயில் ஊற்றுவது முள்ளைச் சற்று உயர்த்தும், ஆனால் தேய்ந்த பெயாரிங் தேய்ந்தபடியே இருக்கும்.

ஓட்டத்தின் நடுவில் முள் திடீரென விழுந்தால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். வயர் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் அதை எஞ்சினை நிறுத்தியபின்தான் சோதிக்க வேண்டும். ஒயில் அமுக்கத்துக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்குக்காகக் காத்திருப்பதும் தவறு. பல வண்டிகளில் அமுக்கம் 4 முதல் 7 பிஎஸ்ஐக்கு இறங்கிய பிறகே அது எரிகிறது. பாரமேற்றிய எஞ்சின் அந்த அமுக்கத்தில் ஓடினால், சில நிமிடங்களிலேயே பெயாரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டிக்கொள்ளும்.