வீட்டுக் குப்பையும் நம் கடைக் கல்லாவும்



கழிவு என்ற சொல் நமது தொழிலில் கசப்பான சொல் அல்ல. மூட்டைக்கு இவ்வளவு கழிவு, ரொக்கத்துக்கு இவ்வளவு கழிவு என்று கேட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே எழுத வந்தது அந்தக் கழிவைப் பற்றியல்ல. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாளியில் ஈ மொய்த்துக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கழிவைப் பற்றி. வரி கட்டுகிறோம், மாநகராட்சி அள்ளுகிறது, இதில் மளிகைக்காரனுக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வீடு வீடாகப் போய், குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லிக் கொடுத்து வருகிறார். சம்பளமும் கிடையாது, சங்கமும் கிடையாது. 2022ஆம் ஆண்டு ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். நன்கொடைதான் கேட்கப் போகிறார் என்று ரசீதுப் புத்தகத்தைத் தேடினோம். "பணம் வேண்டாம் அண்ணாச்சி. ஒரே ஒரு ஞாயிறு எங்களோடு வந்து நின்று பாருங்கள், போதும்" என்றார். மறுக்க முடியவில்லை.

அன்று தெருமுனையில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, எட்டு வீட்டுக் குப்பையைக் கொட்டிப் பிரித்தார்கள். ஒரு பக்கம் காய்கறித் தோல், பழைய சோறு, தேயிலைச் சக்கை, வாழை இலை. எடையில் பாதிக்கு மேல் அதுதான். மறுபக்கம் சேர்ந்ததைக் குனிந்து பார்த்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. பால் கவர், எண்ணெய்க் கவர், ஷாம்பு சாஷே, மசாலாப் பாக்கெட், பிஸ்கட் உறை, கேரி பேக். அத்தனையும் ஏதோ ஒரு கடையின் கல்லாவைத் தாண்டி வந்த சரக்கு. எங்கள் கிடங்கிலிருந்து போன சீரகப் பாக்கெட் ஒன்றும் அதில் கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் நம் கடைக்கு வந்தவர்கள் கையில் துணிப்பையும் எண்ணெய்க்குத் தூக்குவாளியும் இருந்தன. பருப்பைக் காகிதத்தில் மடித்துச் சணலால் கட்டிக் கொடுத்தோம். கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வந்தது. சோடாப் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கினோம். பாட்டில் தவறாமல் திரும்பி வந்தது. பிறகு கேரி பேக் வந்தது. கேட்காமலே கொடுத்தோம். கொடுக்காத கடைக்காரருக்குக் கஞ்சன் என்று பெயர். வெறுங்கையோடு கடைக்கு வரலாம் என்று வாடிக்கையாளருக்குப் பழக்கியவர்கள் நாம்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது முறையாகாது.

தெருவார் தாங்களே முன்வந்து குப்பையைக் கவனிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1989ல் சென்னையில் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருத்தெருவாகக் குடியிருப்போரைச் சேர்த்து, மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்திக் குப்பையை வீட்டிலேயே வாங்க வைத்தது. பின்னாளில் சட்டமும் இதே வழிக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்றன. இருந்தும் இரண்டையும் ஒரே வாளியில் போடும் வீடுகளே இன்றும் அதிகம்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதை நம் பாஷையில் சொல்லிவிடலாம். துவரம்பருப்பு மூட்டையில் மண்ணெண்ணெய் கொட்டினால் இரண்டும் வீண். காய்கறிக் கழிவு தனியே இருந்தால் உரம். பிளாஸ்டிக் தனியே, சுத்தமாக இருந்தால் காசு. இரண்டும் கலந்தால் யாருக்கும் ஆகாது, கிடங்குக்குத்தான் போகும். அங்கே காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். சாறு வடிந்து நிலத்தடி நீரில் இறங்கும். தீப்பிடித்தால் எளிதில் அணையாது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீயை அணைக்க நாள் கணக்கில் போராடினார்கள். நம் ஊருக்கு வெள்ளைக்கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஈரக் கழிவை வீட்டிலேயே முடித்துவிட்டால் வாளியில் பாதி காலி. அதற்காக டீச்சர் குழுவினர் சொல்லிக் கொடுப்பது மண்பானை முறை. இரண்டு மண்பானைகளில் பக்கவாட்டில் பென்சில் பருமனுக்கு ஓட்டைகள் போட வேண்டும். அடியில் தேங்காய் நார் பரப்பி, அன்றாடக் காய்கறிக் கழிவைப் போட்டு, அதே அளவு காய்ந்த சருகால் மூட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளிப்பது நல்லது. வாரம் இரண்டு முறை கிளறினால் போதும். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் முதல் பானையில் காபித் தூள் நிறத்தில் உரம் இருக்கும். அதில் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும், நாற்றம் வராது.

நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, காய்ந்த பொருள் போதவில்லை என்று அர்த்தம். முதல் முயற்சி எங்கள் தெருவில் இதனால்தான் தோற்றது. நெருக்கமான வீடுகள், மரமே கிடையாது, சருகுக்கு எங்கே போவது? மூன்றே வாரத்தில் புழு நெளிந்து, ஐந்தாறு வீடுகளில் பானையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். "உங்கள் பேச்சைக் கேட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்" என்று ஒரு பெண் டீச்சரிடம் அழுதே விட்டார். அந்தச் சிக்கலைத் தீர்த்தது நம் வியாபாரம்தான். தேங்காய் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். வாரம் ஒரு சாக்கு உதிர்நார் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அது இடத்தை அடைக்கும் பொருள். மையில்லாத பழுப்பு அட்டைப் பெட்டிகளை டேப்பை உரித்துவிட்டு எங்கள் கிடங்குப் பையன்கள் கிழித்துத் தருகிறார்கள். இப்போது பானைகள் நாறுவதில்லை. கடைக்காரர் செய்யும் தொண்டு என்றால் துடைப்பத்தோடு தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்தோம். ஒரு சாக்கு நார் அதைவிட உபயோகமாக இருந்தது.

அடுத்தது மக்காத குப்பை. இதில் நம் எல்லோருக்கும் தலைவலி சாஷே. இது தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய வியாபாரம் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்க வழி காட்டினார். தினக்கூலி வாங்கும் வீட்டுக்கும் அதனால் ஷாம்பு போயிற்று. அது நல்ல காரியமே. ஆனால் காலி உறையைப் பொறுக்குபவர்கூடத் தொடுவதில்லை. ஆயிரம் எடுத்தாலும் எடை நிற்காது. பல அடுக்குத் தாளை ஒட்டிச் செய்தது என்பதால் பழைய சாமான் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

அதே சாஷே ஒரு காலத்தில் கடைக்குத் திரும்பி வந்ததுண்டு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவை வளர்த்த 1980களில், ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு புது சாஷே இலவசம் என்று அறிவித்தார். அது வியாபாரத் தந்திரம், குப்பைக்காகச் செய்ததல்ல. ஆனாலும் காலி உறைகளை எண்ணிக் கல்லாவில் வைத்துக் கேட்டார்கள். திரும்பக் கொடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்றால் அந்தப் பொருள் தெருவில் கிடப்பதில்லை. சோடாப் பாட்டிலுக்கு நாம் செய்ததும் அதுதான். 2022ல் நீலகிரியில் உயர் நீதிமன்றம் சொல்லி, மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. காட்டோரத்தில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்கு வரத் தொடங்கின.

இதை வைத்து நாங்கள் ஒரு சோதனை செய்தோம். கழுவி உலர்த்திய கவர் இருபது கொண்டுவந்தால் ஒரு தீப்பெட்டி என்று எங்கள் தெருச் சில்லறைக் கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டோம். தீப்பெட்டிச் செலவு எங்களுடையது. பண்டலுக்கு 600 பெட்டி. ஒரு பண்டல் மூன்று மாதம் வரும் என்று கணக்குப் போட்டோம். பிள்ளைகள் மூன்று வாரத்தில் தீர்த்துவிட்டார்கள். அடுத்த தெருக் குப்பையையும் சேர்த்துக் கிளறியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதுகூடப் போகட்டும். எண்ணெய்க் கவரை யாரும் ஒழுங்காகக் கழுவவில்லை. வாங்கி வைத்த சாக்குக்கு எலி வந்து, பக்கத்தில் இருந்த இரண்டு பொட்டுக்கடலை மூட்டையைக் கடித்துக் குதறிவிட்டது. கடைக்காரத் தம்பி எங்களிடம் நஷ்ட ஈடு கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். சரக்கு இருக்கும் இடத்தில் கவர் வாங்குவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும், டீச்சர் வீட்டுத் திண்ணையில், பெரியவர்கள் கையால், கழுவியது மட்டும். எண்ணெய்க் கவரைக் கழுவச் சீயக்காயோ அரிசி கழுவிய தண்ணீரோ போதும். பால் கவரின் மூலையை வெட்டித் தனியே எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்கிறோம். அந்தச் சின்னத் துண்டைத் தெருவில் யாராலும் பொறுக்க முடியாது. தீப்பெட்டிக்குப் பதில், கவரை எடைக்குப் போட்டு வரும் காசில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். சுத்தமான கவருக்குப் போக இடம் உண்டு. நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், இத்தகைய மெல்லிய பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லியில் கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் குழம்பும் சோறும் ஒட்டிய கவர் எந்த வேலைக்கும் ஆகாது.

கேரி பேக் விஷயத்தில் நம்மவர்களோடு மனத்தாங்கல் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. எங்கள் தெருவில் நான்கு கடைகள். மூன்று கடைக்காரர்கள் பை கொடுப்பதில்லை என்று பேசி முடிவு செய்தார்கள். நான்காமவர் கல்லாவுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் மற்ற மூவருக்கும் மாலை வியாபாரம் அடிபட்டது. ஒருவர் தாங்க முடியாமல் மறுபடி பை வாங்கி வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வீட்டு வாடகையும் கடை வாடகையும் அவரல்லவா கட்ட வேண்டும்? தடையைத் தனியொரு கடைக்காரர் தாங்க முடியாது. தெரு முழுக்க ஒரே நாளில் செய்தால்தான் நிற்கும். இதை நம் சங்கம் கையில் எடுக்க வேண்டும்.

மீதி இரண்டு கடைகளிலும் முன்பணப் பை வைத்திருக்கிறார்கள். துணிப்பைக்கு இருபது ரூபாய்; பையைத் திருப்பிக் கொடுத்தால் இருபதும் திரும்ப உண்டு. தைத்துக் கொடுப்பவர்கள் டீச்சர் குழுவில் உள்ள பெண்கள். கணக்கும் பாருங்கள். ஒரு கேரி பேக் ஐம்பது பைசா, நாளைக்கு 200 பை என்று வைத்தால் நாளுக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 36,500 ரூபாய். மளிகையில் அது சின்னத் தொகையல்ல. ஒரு எச்சரிக்கை: பை இல்லை என்பதற்காகத் தின்பண்டத்தை அச்சடித்த செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு விதி அதை அனுமதிப்பதில்லை; மையும் நல்லதல்ல.

சொல்ல வேண்டிய குறைகள் இரண்டு உண்டு. வீடுகளில் கஷ்டப்பட்டுப் பிரித்துக் கொடுத்ததை ஒரு சமயம் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனார்கள். அதைக் கண்ணால் பார்த்த பெண்கள், "பிறகு எதற்கு அண்ணாச்சி நாங்கள் பிரிக்கணும்?" என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரைக் கோபித்துப் பயனில்லை. வண்டியில் தடுப்பு இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? ஐந்து பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்து, இரண்டு மாதம் நடையாய் நடந்த பிறகு தடுப்பு வைத்த வண்டி வந்தது. இரண்டாவது, அபராதம் எப்போதும் சில்லறைக் கடைக்கே வருகிறது. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளில், உறையைச் சந்தைக்கு அனுப்பும் கம்பெனிக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆர்டர் எடுக்க வரும் விற்பனைப் பிரதிநிதியிடம், காலி சாஷேயை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று நாங்கள் கேட்க ஆரம்பித்திருக்கிறோம். சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கடை கேட்டால் சிரிப்பார்கள். சங்கத்து லெட்டர் பேடில் எல்லாக் கடைகளும் சேர்ந்து கேட்டால் பதில் எழுதியாக வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். முன்மொழிய ஆள் இருக்கிறது, வழிமொழிய ஒருவர் வேண்டும்.