ஓசூர் – உத்தனப்பள்ளி வட்டார வீட்டு வசதி

ஓசூர் – உத்தனப்பள்ளி வட்டாரம் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள தொழிற்பகுதி ஆகும். குறைந்த வருவாய் உடைய தொழிலாளர்களுக்கு வீடு கிடைப்பது இங்கு முதன்மையான சிக்கலாக உள்ளது. வேலை தேடி வருவோருக்குத் தேவைப்படுவது வாடகை வீடு. அரசு உதவிகளில் பெரும்பாலானவையோ சொந்தமாக வீடு கட்டுவோருக்கும் வாங்குவோருக்கும் உரியவை.

பின்னணி

1971 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனம், 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகியவற்றின் தொழிற்சாலைகள் இங்கு உருவாயின. 2001 இல் ஏறத்தாழ 84 ஆயிரமாக இருந்த ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை, 2011 இல் ஏறத்தாழ 1.17 இலட்சமாக உயர்ந்தது. 2019 இல் ஓசூர் மாநகராட்சியானது.

உத்தனப்பள்ளி, ஓசூரில் இருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊராகும். 2020க்குப் பின் இதன் அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை அமைந்தது. அதன் பணியாளர்களில் பெரும்பாலானோர் வெளியூர்களில் இருந்து வந்த இளம் பெண்கள் ஆவர்.

குடியிருப்பு வகைகள்

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் (1961) ஓசூரில் குடியிருப்புகளை அமைத்துள்ளது. வீடமைப்புக்குக் கடன் வழங்கும் நடுவண் அரசு நிறுவனமான ஹட்கோவின் பெயர், ஆவலப்பள்ளி ஹட்கோ என்பது போல, நகரின் பகுதிகளுக்கே பெயராக வழங்குகிறது. வாரிய வீடு கிடைக்காதோர் தனியார் கட்டிய லைன் வீடுகளிலும், பலர் சேர்ந்து தங்கும் அறைகளிலும் வாழ்கின்றனர்.

அரசுத் திட்டங்கள்

* பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம்: நகர்ப்புறங்களில் 2015 இலும், ஊரகப் பகுதிகளில் 2016 இலும் தொடங்கப்பட்டது. ஊரகச் சமவெளிப் பகுதிகளில் வீடொன்றுக்கு அடிப்படை உதவித்தொகை 1.20 இலட்சம் ரூபாய்.
* கலைஞரின் கனவு இல்லம் (2024): ஊரகக் குடிசைவாழ் மக்களுக்கு 360 சதுர அடி வீடு கட்ட 3.50 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவது இதன் இலக்காகும்.

சொந்த மனையில் கட்டுவதற்கான உதவியைப் பெற, அந்த மனைக்குப் பட்டா முதலிய உரிமை ஆவணம் தேவை. எனவே வாடகைக்குக் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர் இவ்வகை உதவிக்கு வெளியே நிற்கின்றனர். வாடகைதாரருக்கான பாதுகாப்பாக, 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் வரையறுக்கிறது.

தொழிலாளர் விடுதிகள்

2020 இல் நடுவண் அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைச் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. அது 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. உத்தனப்பள்ளியை அடுத்த நாகமங்கலம் பகுதியிலும் பெண் தொழிலாளருக்கான பல மாடி விடுதி உள்ளது.

விடுதி, பணியில் சேரும் தனியாளுக்குப் பாதுகாப்பான இடத்தைத் தருகிறது. ஆயினும் திருமணத்திற்குப் பின் குடும்பமாக வாழ அது பயன்படாது. மேலும், நிறுவனம் தரும் விடுதியில் வேலையை இழப்பவர் தங்குமிடத்தையும் இழக்க நேரலாம்.

நிலமும் வீடும்

2023 இல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சிப்காட் விரிவாக்கத்திற்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தினர். தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் வேளாண்மைக்கும் ஒரே நிலமே தேவைப்படுகிறது. நில விலை உயரும்போது உள்ளூர் ஏழைகளும் மனை வாங்க இயலாமல் வாடகை வீட்டையே நாடுகின்றனர். ஆகவே இவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டையைத் திட்டமிடும்போதே குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கும் இடம் ஒதுக்குவது இன்றியமையாததாகிறது.