படத்திற்கு ஒரு சட்டம்

அந்தமான் தீவுகளில் மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் இங்கு மழை தருகின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3000 மி.மீ. ஆகும். இந்த ஈரக்காற்றில், சுவரில் வெறுமனே ஒட்டப்பட்ட ஓவியத்தாள் விரைவில் நெளிந்துவிடும். அதில் பூஞ்சைப் புள்ளிகள் தோன்றும். இராமபாணப் பூச்சி ஓரங்களை அரிக்கும். ஆகவே இங்கே படத்திற்குச் சட்டம் இடுவது அழகுக்காக மட்டும் அன்று. அது முதலில் காவல்.

'சட்டம்' என்னும் சொல் நாட்டின் விதியையும் குறிக்கும். நாற்புறமும் அடைக்கும் மரக்கட்டையையும் குறிக்கும். எல்லை வகுப்பது இரண்டிற்கும் பொது.

இத்தீவுகளின் புகழ்பெற்ற மரம் படாக். செந்நிறமான அம்மரத்தைக் கரையான் எளிதில் அரிக்காது. 1883ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சாத்தம் மர அறுவை ஆலையில் அது நெடுங்காலமாக அறுக்கப்பட்டு வருகிறது. ஆனால் வீட்டில் செய்யும் சட்டத்திற்குப் படாக்கே வேண்டும் என்பதில்லை. தச்சர்கள் 'ரீப்பர்' என்று கூறும் மெல்லிய மரத்துண்டுகள் போதும். அவை நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கும், மூலைகள் விரிந்துவிடும்.

படமும் அதனைச் சுற்றிவரும் அட்டையும் சேர்ந்து 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையவை எனக் கொள்வோம். 3 செ.மீ. அகலமுள்ள ரீப்பரில் வெளிப்புற நீளம் 25 செ.மீ. உள்ள இரண்டும், 35 செ.மீ. உள்ள இரண்டும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முனையும் 45 பாகைச் சரிவில் இருக்க வேண்டும். வெட்டுகள் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாகை குறைந்தால், கடைசி மூலையில் எட்டுப் பாகை இடைவெளி தோன்றும்! ரம்பம் பிடிக்கும் வேலையைப் பெரியவர் உடனிருந்தே செய்தல் நன்று.

நான்கையும் பசையிட்டு இணைத்தபின், சுற்றிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். பசை உலருமுன் இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அவை சமமானால் மூலைகள் நேராக உள்ளன. பின்புறத்தில், வெளி ஓரத்தை ஒட்டி, 2.5 செ.மீ. அகலமுள்ள ரீப்பர்களை ஒட்டினால் உட்புறம் அரை செ.மீ. படி கிடைக்கும். கண்ணாடி அந்தப் படியில் அமரும்.

கண்ணாடியில் ஓவியம் படக்கூடாது என்பதே மிக முக்கியம். ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்தால் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் சன்னல்போல் வெட்டிய தடித்த அட்டையைக் கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே வைப்பது இதற்காகவே. படத்தின் மேல்விளிம்பை மட்டும் அட்டையில் ஒட்ட வேண்டும். நாற்புறமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்கு இடம் இராது. அது சுருக்கம் கொள்ளும். அதன் பின்னே மற்றோர் அட்டையை வைத்துச் சிறு ஆணிகளால் நிறுத்தலாம்.

அழகுக்காகப் பவளத்துண்டுகளைப் பதிக்கச் சிலர் விரும்புவர். பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. கரையில் கிடப்பதையும் எடுத்துச் செல்லல் ஆகாது. சட்டத்தை அழகுபடுத்தச் சட்டத்தை மீறுவதா? தேங்காய் ஓட்டுத் துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றி ஒட்டினாலே போதும்.

மாட்டும்போது சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டின் பின்புறத்திலும் சிறு ரப்பர்த் துண்டுகளை ஒட்ட வேண்டும். அப்போது சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று நுழையும். மழைநாளில் சுவரில் ஊறும் ஈரம் அட்டையைத் தொடாது.