பரணில் கிடக்கும் சோழவரம்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரத்துக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பழைய மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகராகக் காஞ்சிபுரம் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டியுள்ள, கார் பந்தயம் நடந்த சோழவரம் அந்த மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தது. 1997-இல் திருவள்ளூர் பிரிந்தபோதுதான் கைமாறியது. சோழவரத்தில் பந்தயம் ஓய்ந்ததும் அது குடிபெயர்ந்த இருங்காட்டுக்கோட்டை இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருக்கிறது.

சோழவரத்தின் பழைய அசையும் படத்துண்டுகள் அண்மைக் காலமாக அவ்வப்போது இணையத்தில் தலைகாட்டுகின்றன. யாரோ ஒருவர் கையில் பிடித்து எடுத்த சின்னச் சின்னக் காட்சிகள். பலவற்றில் ஒலி இல்லை. இவை ஏன் அரசு ஆவணங்களிலிருந்து வராமல் வீடுகளிலிருந்து வருகின்றன? 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களுக்கு அணைத் திறப்பும் அமைச்சர் வருகையும் முக்கியம். சனி ஞாயிறில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் வேகப்பித்தர்களைப் படமெடுக்க அவர்களின் அண்ணனோ மச்சானோதான் இருந்தார்கள். 8 மிமீ கேமரா வாங்க வசதியிருந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் பந்தயத்துக்குப் போனவர்களில் அந்த வசதிக்காரர்கள் கணிசம் என்பதால் நமக்கு அதிர்ஷ்டம்.

சோழவரம் என்பது இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்தபின் சும்மா கிடந்த ஓடுதளங்களில் கார் ஓட்டுவது உலகெங்கும் நடந்ததுதான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குண்டுவீச்சு விமானங்களின் தளமாக இருந்து, 1950-இல் முதல் உலகச் சாம்பியன் பந்தயத்தை நடத்தியது. இங்கே 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தைப் பந்தயக் களமாக்கியது. 1980-களின் பிற்பகுதி வரை அங்கே கூட்டம் அலைமோதியது.

கடையில் வாங்கிய காரையே பந்தயத்துக்கு ஓட்டுவதை அன்று அமெரிக்காவில் ‘ஸ்டாக் கார்’ பந்தயம் என்றார்கள். அதற்கென நாஸ்கார் அமைப்பு 1948-இல் உருவானது. நம் ஊரில் அன்று அதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வாங்கக் கிடைத்தவை அம்பாசிடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அக்கம்பக்கத்தில் மாமாவோ டாக்டரோ ஓட்டிய அதே வண்டி திரையில் சாய்ந்துகொண்டு வளைவில் திரும்புவதைப் பார்ப்பதில்தான் இந்தச் சுருள்களின் ருசி இருக்கிறது. பெரும்புள்ளிகள் கொண்டுவந்த ஃபார்முலா கார்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். ஹெரால்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

தேதி எழுதாத சுருளின் காலத்தைக் கண்டுபிடிக்க வண்டிகளே துணை. ஹெரால்ட் தெரிந்தால் 1961-க்கு முந்தையது அல்ல. மாருதி 800 எட்டிப் பார்த்தால் 1983 டிசம்பருக்குப் பிந்தையது. ‘டி.என்.’ எழுத்தோடு ஆர்.டி.ஓ. எண்ணும் சேர்ந்த நம்பர் பலகை இருந்தால் 1989-ஐத் தாண்டிவிட்டோம். அது சோழவரமாக இருக்க வாய்ப்பு குறைவு, 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடமாக இருக்கலாம். கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார் தெரிந்தால் 1988 வாக்கிலோ அதற்குப் பின்னரோ எடுத்தது. பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அந்த வகைக் காரில், ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததுதான்.

காட்சிகள் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன? சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் அது 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். எனவே கார் கிட்டே வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தினார்கள். யார் ஜெயித்தார் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை.

அந்த 18-தான் பின்னால் வம்பையும் இழுக்கிறது. நொடிக்கு 24 சட்டகமாக மாற்றிப் பதிந்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடி, மணிக்கு 84 கிமீயில் போன கார் 112-இல் பறக்கும். மனிதர்கள் பொம்மை மாதிரி துள்ளுவார்கள். சரியான வேகத்தில் இருந்தால் கணக்கே போடலாம்: ஹெரால்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர். ஒரு கம்பத்தை அதன் மூக்கு தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை மூன்று சட்டகம் என்றால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 84 கிமீ. நான்கு சட்டகம் என்றால் 63-தான். ஒரு சட்டகத்தில் 20 கிமீ புரள்வதால், முடிந்தவரை நீண்ட தூரத்தை எடுத்து அளப்பது நல்லது. இதனால்தான் இடைச் சட்டகங்களைக் கணினியே கற்பனை செய்து ‘மெருகேற்றும்’ மென்பொருள்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒலியில்லாத படத்துக்கு எங்கிருந்தோ எஞ்சின் உறுமலை ஒட்டுவதும் அப்படித்தான். ஹெரால்டுக்கு யமஹா சத்தம் கொடுத்தவர்களும் இருப்பார்கள்.

டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கிறதா? அசிடேட் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அசிட்டிக் அமிலம் உண்டாகிறது; அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும்; பக்கத்து டப்பாவுக்கும் பரவும். சுருள் சுருங்கினால் ஓட்டைகள் பற்சக்கரத்தில் பொருந்தாமல் கிழியும். எனவே ஆசைக்காகப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பது முதல் தவறு. அதைச் சுவரில் விழவைத்துக் கைபேசியில் பிடிப்பது இரண்டாவது. பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். சட்டகம் சட்டகமாக எடுப்பார்களா, அசல் கோப்பைத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. நிறத்தைப் பொறுத்தவரை கோடாக்ரோம் சுருள்கள் இருட்டில் பத்திரமாக இருந்திருந்தால் இன்றும் நன்றாகவே இருக்கும். வேறு பல வகைகள் நிறம் மங்கிச் செக்கச்செவேலென்று ஆகியிருக்கும்.

சுருளைப் பத்திரமாக வைக்கும் முறையைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜரிகைப் புடவையை அடைத்துவைக்காமல் அவ்வப்போது காற்றாட விடும் அதே பக்குவம்தான். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டுக் காற்று போய்வரும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, பரணிலிருந்து இறக்கி, வீட்டிலேயே குளுமையான உலர்ந்த அலமாரியில் வைக்கலாம்.

ஸ்கேன் ஆனதும் அவசரப்பட வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சோழவரம் போய்வந்த பெரியவர்களை உட்காரவைத்துப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்ட வேண்டும். இது யாருடைய கார், அந்த மேஜையில் இருப்பவர் யார், பானட்டைத் திறந்து நிற்கும் மெக்கானிக் எந்த ஊர் என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். மெக்கானிக்குகளின் பெயர்கள்தான் முதலில் தொலைகின்றன. கோப்பைகளில் அவர்கள் பெயரைப் பொறிப்பதில்லை. அசல் சுருளை ஸ்கேன் முடிந்தபின் தூக்கிப் போடக் கூடாது. வீட்டில் இடமில்லாதவர்கள் புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ, 2014 முதல் இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனையோ அணுகிக் கேட்டுப் பார்க்கலாம். தரும்போது பெயர்க் குறிப்புகளையும் சேர்த்துத் தந்துவிட்டு, ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.