அப்பாவுக்குத் தோள்பட்டை வலியா? ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி பாலிசியைப் பிரிச்சுப் படிங்க

சொந்த ஊர் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம். வேலை சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ. உங்களுக்கு ஒருநாள் போன் வருது. "அப்பா தோப்புல வழுக்கி விழுந்துட்டாரு, கையை ஊனிட்டாரு. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு ஒண்ணும் உடையலையாம்." நீங்களும் நிம்மதியா வேலையைப் பார்க்குறீங்க. மூணு மாசம் கழிச்சு தீபாவளிக்கு ஊருக்குப் போனா, அப்பா சட்டை போடுறதுக்கே அம்மா கையைத் தூக்கிவிட வேண்டியிருக்கு.

அந்த மூணு மாசத்துக்கு என்ன விலைன்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

எக்ஸ்ரேயில எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. தோள் மூட்டுல பந்து கிண்ணத்தை விட்டு விலகாம 4 தசைகளோட நார்கள் சுத்திப் பிடிச்சிருக்கு. இதுக்குப் பேர்தான் ரொட்டேட்டர் கஃப். வயசானா இது தேயும். 60 தாண்டின பலருக்கு வலியே இல்லாமகூட கிழிசல் இருக்கும். அதனால ஸ்கேன்ல கிழிசல்னு வந்த உடனே ஆபரேஷன்னு பயப்படாதீங்க, நிறைய பேருக்கு பிசியோதெரபியே போதும். ஆனா நேத்து வரைக்கும் நல்லா இருந்த கை, விழுந்ததுக்கு அப்புறம் தூக்கவே வரலைன்னா அது வேற கதை. சில வாரத்துக்குள்ள எலும்பு டாக்டரைப் பார்த்தா சின்ன துளை வழியா நாரைத் தைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. மாசக்கணக்குல விட்டா நார் உள்ளே சுருங்கிடும், தசை மெலிஞ்சு கொழுப்பா மாறிடும். அப்புறம் தைச்சாலும் பிடிக்காம போகலாம்.

நாரும் போய், மூட்டும் தேஞ்ச வயசானவங்களுக்குத்தான் ரிவர்ஸ் ஷோல்டர் ரீப்ளேஸ்மென்ட். பிடிச்சு வைக்க நார் இல்லாதப்போ சாதாரண செயற்கை மூட்டு வச்சா பந்து மேல நழுவும், கொஞ்ச நாள்ல கிண்ணமே ஆட ஆரம்பிச்சுடும். அதனால இடத்தை மாத்திடறாங்க: கிண்ணம் இருந்த இடத்துல உலோகப் பந்து, கை எலும்போட தலையில கிண்ணம். இப்போ தோளுக்கு மேல உருண்டையாத் தெரியுற டெல்டாய்டு தசை மட்டுமே கையைத் தூக்கிடும். பிரான்ஸ்ல டிஜோன் நகரத்து டாக்டர் பால் கிராமோன் 1985-ல கொண்டு வந்த யோசனை இது. அமெரிக்காவுல 2003-லதான் அனுமதி கிடைச்சுது. டெல்டாய்டும் அதுக்குப் போற நரம்பும் நல்லா இருந்தாத்தான் இது வேலை செய்யும். வலி குறையும், கை மேல போகும். ஆனா அப்பா மறுபடி தேங்காய் மூட்டை தூக்குவார்னு கணக்குப் போடாதீங்க.

சரி, பணத்துக்கு வருவோம். பில்லுல பெரிய துண்டு இம்ப்ளான்ட்தான். எஸ்டிமேட் கேக்கும்போது ரூம், சர்ஜன் ஃபீஸ், இம்ப்ளான்ட் மூணையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

முதல்ல உங்க கம்பெனி குரூப் பாலிசியைப் பாருங்க. அப்பா அம்மா அதுல இருக்காங்களா? பெரும்பாலும் இதுல வெயிட்டிங் பீரியட் இருக்காது. ஆனா வேலையை விட்ட அன்னைக்கே கவரும் போயிடும். அப்பாவுக்கு ஆபரேஷன் பேசிட்டு இருக்கும்போது நல்ல ஆஃபர் வருதுன்னு ரிசைன் பண்றவங்க, புது கம்பெனியில பெற்றோருக்குக் கவர் உண்டான்னு கேட்டுட்டு அப்புறம் மெயில் அனுப்புங்க.

தனி பாலிசி வேற மாதிரி. தேய்மானத்தால வர்ற மூட்டு மாற்றத்துக்கு வழக்கமா 24 மாசம் காத்திருக்கணும். ஏற்கெனவே இருந்த நோய்னா அதிகபட்சம் 36 மாசம். வலி வந்த பிறகு வாங்குற பாலிசி அந்த வலிக்கு உடனே உதவாதுங்கறது இதனாலதான். பாலிசி எடுத்த பிறகு நடந்த விபத்துக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனா "இது விழுந்ததால வந்ததில்ல, வயசுத் தேய்மானம்"னு இன்சூரன்ஸ்காரங்க சொல்ல வாய்ப்பு இருக்கு. அப்போ கை கொடுக்கறது விழுந்த அன்னைக்குப் போட்ட ஓபி சீட்டு. அதுல தேதியும், எப்படி விழுந்தார்ங்கற விவரமும் இருக்கணும். விழாமலே விழுந்ததா எழுதி வாங்குற வேலை மட்டும் வேண்டாம், கிளெய்மே போயிடும்.

சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்களா? உங்களைச் சார்ந்து இருக்குற, மாச வருமானம் 9,000-ஐத் தாண்டாத பெற்றோருக்கும் அதுல சிகிச்சை உண்டு. இது தெரியாமலே வருஷக்கணக்குல 0.75% கட்டிட்டு இருக்கறவங்க எத்தனையோ பேர்!

வீட்டு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போகணும். 2017-ல ஆரம்பிச்ச புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட எலும்புப் பிரிவுல முதல்ல காட்டுங்க. திருச்சியோ மதுரையோ போகச் சொன்னா, அங்க இந்த ஆபரேஷன் திட்டத்துல வருதான்னு காப்பீட்டு கவுன்ட்டர்ல கேட்டுட்டு அட்மிட் பண்ணுங்க.

பில்லுல வராத செலவும் இருக்கு. 4 முதல் 6 வாரம் கை தொட்டில்லயே இருக்கும். சாப்பாடு, குளியல் எல்லாத்துக்கும் பக்கத்துல ஆள் வேணும், அது உங்க லீவாவும் இருக்கலாம். அப்புறம் மாசக்கணக்குல பிசியோதெரபி. நிறைய பாலிசியில டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவு கிடைக்கும், அதுவும் டாக்டர் சீட்டு, பில் ரெண்டும் இருந்தா. அட்மிட் ஆகறதுக்கு முந்தின 30 நாள்ல எடுத்த எம்ஆர்ஐ பில்லையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட பேசும்போது அப்பா கையைத் தலைக்கு மேல தூக்க முடியுதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. முடியலைன்னா, கையில இருக்கற சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.