மருதமர நிழலில் இரண்டு மணிநேரம்

ஜப்பானின் 24 காடுகளில் 280 இளைஞர்களை வைத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2010இல் வெளியானது. அவர்கள் காட்டில் கால் மணிநேரம் அளவில் அமர்ந்தார்கள், அதேயளவு நடந்தார்கள். நகரத்தில் அதையே செய்த வேளையோடு ஒப்பிட்டால், காட்டில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைந்திருந்தன. உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்னும் மனஅழுத்த ஓமோனும் குறைந்திருந்தது. உடலை உசார் நிலையில் வைக்கும் பரிவு நரம்புத்தொகுதி தளர, ஓய்வுக்குரிய பரபரிவு நரம்புத்தொகுதி மேலோங்கியதும் பதிவானது.

1982இல் ஜப்பானிய வனத்துறை 'காட்டுக் குளியல்' என்ற பெயரில் ஊக்குவித்த பழக்கம் இது. வழிகாட்டி ஒருவர் குழுவை மெதுவாக அழைத்துச் செல்வார். கைபேசி பைக்குள் போய்விடும். ஓரிடத்தில் நின்று பறவைச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்வார். இன்னோரிடத்தில் மரப்பட்டையைத் தொடச் சொல்வார். மரங்கள் காற்றில் கலக்கும் பைனீன் போன்ற வாசனைச் சேர்மங்கள் நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டுவதாக டோக்கியோவின் குயிங் லீ குழுவினர் கண்டார்கள். ஆனால் அவை சிலரிடம் மட்டுமே செய்த சிறிய ஆய்வுகள். ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு மரத்தை நம்பக் கூடாது.

இந்தக் காட்டுக் குளியல் நமது நாவிதன்வெளிப் பிரதேசத்துக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே அடர்காட்டுக்குள் போகச் சொல்வது ஆபத்து. யானை நடமாடும் பூமி இது. அப்படிப் போகத் தேவையும் இல்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த தரவுகள் 2019இல் வெளியாகின. வாரத்துக்கு 120 நிமிடங்களாவது பசுமையிலோ நீர்க்கரையிலோ கழிப்பவர்கள், தாங்கள் நலமாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பலன் ஒன்றே.

வயல் வட்டையும் குளக்கட்டும் மருதமர நிழலும் இங்கே இருக்கின்றன. வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டினாலே வெளி விரிந்துவிடுகிறது. சுபஹுத் தொழுகை முடிந்து, வெயில் ஏறுமுன் ஒரு நடை போதும். எந்தப் புதருக்குள் பாம்பு இருக்கும், எந்த வழியில் யானை வந்தது, எந்தக் குருவி கூவுகிறது என்று அறிந்த வட்டை விவசாயியைவிடச் சிறந்த வழிகாட்டி யார்? அந்த அறிவுக்குக் கூலியும் மரியாதையும் கிடைக்கட்டும்.

நீரிழிவு, இரத்த அழுத்தச் சிகிச்சைக்கு வருவோருக்கு நமது வைத்தியசாலைகள் இத்தகைய குழுநடையை ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கெனத் தனிக்குழுக்களும் வேண்டும். குளக்கரையில் நிழல்மரம் நடவும் நிற்பதைக் காக்கவும் பிரதேச சபை பணம் ஒதுக்க வேண்டும். அதைச் சுகாதாரச் செலவு என்றே கணக்கில் எழுத வேண்டும்.